வெள்ளிக் கை

ஸ்காபரோக் கல்யாண மண்டபங்களில் ஒரு பழக்கம் இருக்கிறது. முதலில் வந்து சேருகிறவள் முன்வரிசையில் ஒரு கதிரையில் தான் இருந்துகொண்டு, பக்கத்துக் கதிரைகளில் கைப்பையை வைப்பாள், சால்வையை விரிப்பாள், ஒன்றும் அகப்படாவிட்டால் பிள்ளையின் ஜக்கெற்றைக் கழற்றிப் போடுவாள். பை இருக்கிற கதிரையில் எவரும் இருக்கமாட்டார்கள். பை இல்லாததில் எவரும் இருக்கலாம், பிறகு முகத்தை நீட்டிப் பிரயோசனமில்லை. ஆனால் கெட்டிக்காரிகள் தூணுக்குப் பின்னால் கிடக்கிற கதிரைக்குப் பை வைத்து வீணாக்குவதில்லை. அதை எவன் எடுக்கப் போகிறான்?

கஜனி பார்க்கிற உத்தியோகமும் இதுதான். சம்பளம் மட்டும் உண்டு.

ரொறன்ரோவில் ஒரு பேஸ்போல் கழகத்தின் அலுவலகத்தில் அவளுக்கு வேலை. ஒவ்வொரு கழகமும் நாற்பது பேரைத் தன்னுடையவர்கள் என்று எழுதிவைத்திருக்கும். கீழ்ப்பிரிவு அணிகளில் சில வருடம் ஆடிமுடித்த பொடியனை நவம்பர் மாதம் அந்த நாற்பதுக்குள் ஏற்றாவிட்டால், டிசம்பரில் வேறெந்தக் கழகமும் அவனைத் தூக்கிக்கொண்டு போகலாம். தூக்கிய கழகம் அடுத்த பருவம் முழுக்க அவனைத் தன் பெரிய அணியிலேயே வைத்திருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை. அதனால் கையில் கோளாறு, காலில் கோளாறு என்று ஒரு சொல் அடிபட்டால் போதும், அந்தப் பொடியனை ஒருவரும் தொடமாட்டார்கள். அவன் தூணுக்குப் பின்னால் கிடக்கிற கதிரை. ஆருக்குப் பை வைக்கவேண்டும், ஆரைச் சும்மா விட்டாலும் போகாது என்று கணித்துச் சொல்வது கஜனியின் பொறுப்பு.

அந்த வருடம் நாற்பதில் ஓரிடம் மிச்சம் இருந்தது. பெயர்கள் இரண்டு. ஒருவன் வெனிசுவேலாவில் இருந்து வந்த கச்சர், அடிக்கிறவனுக்குப் பின்னால் குந்தியிருந்து பந்து பிடிக்கிறவன். மற்றவன் அபிஷன், அஜக்ஸ் பொடியன், இடக்கைப் பந்துவீச்சாளன், சிவபாதத்தாருக்கும் யோகமலருக்கும் ஒரே பிள்ளை.

தமிழ்ப் பொடியன் ஒருவன் அந்த நாற்பதுக்குள் ஏறுவதென்றால் சும்மாவா? அஜக்ஸில் இருந்து ஒஷாவா வரை தமிழ்ச் சனம் அவனைப் பற்றித்தான் கதைத்தது. பேஸ்போலில் எத்தனை பேர் விளையாடுகிறார்கள் என்று தெரியாதவர்கள்கூட "எங்கட பொடியன் என்னவாம்?" என்று கஜனியை மறித்துக் கேட்டார்கள். அபிஷனுக்கோ அது சீவியப் பிரச்சினை. ஏறினால் பெரிய அணியின் வாசல். ஏறாவிட்டால் இன்னொரு வருடம் பஸ்ஸில் ஊர் ஊராய் அலைச்சல். வயது யாருக்காக நிற்கிறது?

கஜனிக்கு அவர்கள் சொந்தமில்லை, ஆனால் சொந்தத்துக்கும் மேல். ஒரே தெருவில் வளர்ந்தவள். பனிக்காலங்களில் அவளைப் பள்ளிக்கூடத்துக்குக் காரில் ஏற்றி இறக்கியவர் யோகமலர் அன்ரி. இதையெல்லாம் கஜனி தன் மேலதிகாரி, ஜோசப்பின் என்கிற பெண்மணிக்கு முன்கூட்டியே சொல்லியிருந்தாள். "நல்லதாய்ப் போயிற்று, எங்களைவிட உனக்குக் கூடத் தெரிந்திருக்கும்" என்று ஜோசப்பின் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

சிரிப்போடு விடாதவன் மாக்கஸ். பக்கத்து மேசைக்காரன், நல்லவன்தான், ஆனால் வாய் ஓயாது. அபிஷனின் பெயர் கணினியில் வந்தபோதெல்லாம் "உன் தம்பி எப்படி?" என்பான். அவன் பகிடிக்குச் சொன்னான், இவளுக்கு அது முள்ளாய்த் தைத்தது. கஜனியின் கணக்கு வெளிச்சமாகவே சொன்னது: அபிஷனை விட்டால் வேறு கழகம் எடுக்கும், கச்சரை விட்டால் எடுக்காது. ஆனால் அதைச் சொன்னால் தன் ஆளைத் தூக்கிப் பேசுகிறாள் என்று நினைத்துவிடுவார்களோ? கணக்கைத் திரும்பப் போட்டாள், திரும்பவும் போட்டாள். எத்தனை தரம் போட்டாலும் அபிஷன்தான் வந்தான். அவளுக்கு எரிச்சலாகக்கூட வந்தது. கொஞ்சம் மோசமாக எறிந்திருக்கக் கூடாதா இந்தப் பொடியன்!

யாரை ஏற்றுவது என்று முடிவெடுக்கிற கூட்டத்துக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை றிச்மண்ட் ஹில் பிள்ளையாரிடம் போனாள். சன்னிதியில் யோகமலர் அர்ச்சனைத் தட்டோடு நின்றார். தேங்காய், பழம், வெற்றிலை. அவற்றின் நடுவே வெள்ளித் தகட்டில் செய்த ஒரு கை, முழங்கை மடிப்பு வரைக்கும். விரல்களில் நகங்கள்கூடக் கீறியிருந்தன. பெருவிரல் ஒரு பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது.

விளங்காதவளா கஜனி? உடம்பில் எந்த உறுப்புக்கு வருத்தமோ அந்த உறுப்பை வெள்ளியில் செய்து கோயிலுக்குக் கொடுப்பதாக நேர்த்தி வைப்பது எங்கள் சனத்தின் வழக்கம். கண் நோவென்றால் வெள்ளிக் கண், கால் நோவென்றால் வெள்ளிக் கால்.

"பேர், நட்சத்திரம்?" என்று ஐயர் கேட்டார்.

"அபிஷன், பூரட்டாதி" என்றார் யோகமலர்.

அதற்குப் பிறகு அவர் சொன்ன எதையும் கஜனி கேட்கவில்லை. முழங்கை! பந்தெறிகிறவனுக்கு முழங்கை போனால் பிறகு என்ன இருக்கிறது? இலையுதிர்கால ஆட்டங்களுக்கென்று அரிசோனாவில் நிற்கிற பொடியன் நோவை ஒளித்துக்கொண்டு ஆடுகிறான் என்று அவளுக்குள் ஒரு கதை அந்த இடத்திலேயே எழும்பி நின்றுவிட்டது. கடைசிக் கிழமைகளில் அவன் எறிந்த வேகம் ஒரு துளி குறைந்திருந்ததும் ஞாபகம் வந்தது. பருவம் முடிகிற நேரத்தில் எல்லாருக்கும் குறைகிற வேகம்தான் அது. அதுவும் அவளுக்குத் தெரியும்.

யோகமலர் திரும்பி அவளைக் கண்டதும் திடுக்கிட்டுப் போனார். வெள்ளிக் கை எல்லாருக்கும் தெரியத் தட்டை ஐயர் வாங்கிப் போய்விட்டார், இனி மறைக்க வழியில்லை.

"கண்டிட்டியே பிள்ளை? ஒரு நேத்தி. உதை ஒருதருக்கும் சொல்லிப்போடாதை, என்ன?"

"சொல்லமாட்டன், அன்ரி."

பிள்ளையாருக்கு முன்னால் நின்று சொன்ன வார்த்தை. இரண்டு நாள் தாக்குப்பிடித்தது.

கூட்டத்தில் ஜோசப்பின் கச்சரைப் பற்றிக் கேட்டார், மாக்கஸ் சொன்னான். அபிஷனைப் பற்றிக் கேட்டார். "அதைக் கஜனிதான் சொல்லவேண்டும், அவளுடைய ஆள்" என்றான் மாக்கஸ். மேசையைச் சுற்றி ஒரு சின்னச் சிரிப்பு. பொல்லாத சிரிப்பு ஒன்றுமில்லை, தேத்தண்ணிக்குச் சீனி போடுகிற மாதிரி ஒரு சிரிப்பு. அதுவே கஜனிக்குக் காணுமாயிருந்தது.

"கணக்குப்படி அவனைத்தான் ஏற்றவேண்டும்" என்று தொடங்கினாள். அதோடு வாயை மூடியிருக்கலாம். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்? இங்கே கெட்டது நுணல்கூட இல்லை, வேறொருவன். "ஆனால் அவனுடைய முழங்கையில் ஏதோ இருக்கிறது என்று நினைக்கிறேன். குடும்பம் கவலைப்படுகிறது."

"வைத்தியரின் அறிக்கையில் ஒன்றுமில்லையே" என்றார் ஜோசப்பின்.

"அவன் வைத்தியரிடம் சொல்லியிருக்கமாட்டான்."

"நிச்சயமாகத் தெரியுமா?"

இப்போதும் ஒரு வழி இருந்தது. கோயிலில் கண்டதைக் கண்டபடி சொல்லி, மிச்சம் தெரியாது என்று விட்டிருக்கலாம். வெள்ளிக் கையைப் பற்றி இவர்களுக்கு விளங்கப்படுத்த அவளுக்கு வெட்கமாக இருந்தது. "குடும்பத்துக்குள்ளே இருந்து வந்த செய்தி" என்றாள்.

அவ்வளவுதான். கைக்கோளாறு உள்ளவனை எவரும் எடுக்கப் போவதில்லை, விட்டாலும் எங்களோடுதான் இருப்பான், ஆறுதலாகப் பார்ப்போம் என்று ஜோசப்பின் முடித்தார். இடம் கச்சருக்குப் போனது. வெளியே வரும்போது ஜோசப்பின் அவள் தோளைத் தொட்டு, "உனக்கு இது சுலபமாக இருந்திருக்காது. நேர்மையாக நடந்துகொண்டாய்" என்றார். அந்த நேரத்தில் கஜனிக்கு அது இனித்தது.

அடுத்த வாரம் யோகமலர் ஃபோன் எடுத்தார். திட்டப்போகிறார் என்று பயந்துகொண்டு காதில் வைத்தால், "பிள்ளை, சனிக்கிழமை சாப்பிட வா. அபிஷனும் வந்து நிக்கிறான்" என்றார். போகாமல் விடுவதற்கு ஒரு சாட்டும் வாயில் வரவில்லை.

யூனியன் நிலையத்தில் ரயிலேறி அஜக்ஸில் இறங்கிப் போனாள். கதவைத் திறந்தவர் சிவபாதம். வலக்கை மணிக்கட்டில் இருந்து முழங்கைக்கு மேல் வரை கட்டுப் போட்டு, கழுத்தில் தொங்கவிட்டிருந்தார்.

"என்ன அங்கிள் இது?"

"உதைக் கேட்டு என்ன செய்யிறாய், உள்ளுக்கு வா" என்றார் அவர் வெட்கத்தோடு.

பதில் குசினியில் இருந்து வந்தது. "கூரைப் பீலிக்குள்ள கிடந்த இலை அள்ளப்போறன் எண்டு ஏணியில ஏறி விழுந்தவர். வயசு என்ன எண்டு நினைப்பு இவருக்கு? முழங்கை நொருங்கிப்போச்சு பிள்ளை, ஒப்பரேசன் செய்து தகடு வைச்சிருக்கினம். அபிஷனுக்குச் சொல்லேல்லை. சொன்னால் அரிசோனாவை விட்டிட்டு வந்து நிண்டிருப்பான். வந்த பிறகுதான் கண்டவன்."

கஜனி குசினி வாசலுக்குப் போனாள். "அப்ப கோயில்ல… அந்த வெள்ளிக் கை?"

"இவருக்குத்தான், வேற ஆருக்கு? அபிஷனுக்கும் முடிவு வாற நேரமெல்லோ, அவன்ர பேரிலயும் ஒரு அர்ச்சனை செய்தனான்."

அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டு யோகமலர் சொதியைக் கிண்டப் போய்விட்டார். பெருவிரல்! அந்தத் தகட்டின் பெருவிரல் கஜனியின் கண்ணுக்கு முன்னால் வந்தது. அது வலக்கை. அபிஷன் இடக்கைக்காரன். அவனுடைய இடக்கை எந்தக் கோணத்தில் உயர்கிறது, பந்து எங்கே விரலை விட்டுக் கழல்கிறது என்று வருடக்கணக்காய் மயிரிழை பிசகாமல் அளந்தவள், ஒரு தட்டில் கிடந்த கை எந்தக் கை என்று பார்க்கவில்லை. பார்க்க விரும்பவில்லை என்பதுதான் சரி. மாக்கஸின் வாயை அடைக்க அவளுக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. பிள்ளையார் கொடுத்தார் என்று எடுத்துக்கொண்டாள்.

சாப்பாட்டு மேசையில் இடியப்பம், நண்டுக் கறி, சொதி. யோகமலர் அவள் சாப்பாட்டுக் கோப்பையை நிரப்பிக்கொண்டே இருந்தார். "நீ எவ்வளவு கதைச்சிருப்பாய் எண்டு எங்களுக்குத் தெரியும் பிள்ளை. அங்கை எங்கட பக்கம் கதைக்க உன்னை விட்டால் ஆர் இருக்கினம்? அவங்கள் கேக்காட்டி நீ என்ன செய்யிறது."

"அவளைச் சாப்பிட விடுமன்" என்றார் சிவபாதம், இடக்கையால் கரண்டியைப் பிடித்துத் தடுமாறிக்கொண்டு.

சாப்பிட்டு முடிந்ததும் அபிஷன் கஜனியோடு வாசல்வரை வந்தான். ஆறடிக்கு மேல் வளர்ந்தவன், குனிந்து நின்று மெல்லக் கேட்டான்.

"அக்கா, ஸ்ட்ரெய்ற்றாச் சொல்லுங்கோ. ஐ கான் ரேக் இற், தாங்குவன். என்னில என்ன குறை?"

உன்னில் ஒரு குறையும் இல்லை, குறை என்னில்தான் என்று சொல்ல வாயைத் திறந்தாள். உள்ளே யோகமலர் நண்டுக் கறியை ஐஸ்கிறீம் பெட்டி ஒன்றில் அவளுக்கென்று போட்டுக் கட்டுகிற சத்தம் கேட்டது. கோழை, கோழை என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டு, கைக்கு அகப்பட்ட பொய்யை எடுத்தாள்.

"கொஞ்சம் வேகம் காணாது எண்டு நினைச்சவை போல."

"வெலோ? எறியிற வேகமோ?"

"ஓம். கொஞ்சம்தான்."

அவன் முகம் தெளிந்தது. என்ன குறை என்று தெரிந்துவிட்டால் மனுசனுக்கு அது ஒரு ஆறுதல். "தாங்க்ஸ் அக்கா. ஆருமே சொல்லேல்லை. தட் ஐ கான் ஃபிக்ஸ்" என்றான்.

இன்னும் ஒரு நம்பிக்கை மிச்சம் இருந்தது. டிசம்பரில் வேறு கழகம் ஏதாவது அவனை எடுக்கட்டும். தன் கழகத்துக்கு நட்டம் வரவேண்டும் என்று கஜனி நேர்ந்துகொண்டாள், கூலி கொடுக்கிற இடத்துக்கு! ஆனால் அந்தச் சொல் அவளுக்கு முன்னே ஓடிவிட்டது. அறைக்குள் பத்துப் பேர் கேட்டது ஆள் தேடித் திரிகிற ஸ்கவுட்டுகளின் காதுக்குப் போய், அங்கிருந்து எங்கெங்கோ போய்விட்டது. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? தெரிவு நடந்த அன்று கழகங்கள் ஒவ்வொன்றாய்ப் பெயர் சொல்லின. அபிஷனின் பெயரை ஒருவரும் சொல்லவில்லை.

மாக்கஸ் எழும்பி வந்து கையைக் குலுக்கினான். "நீ சொன்னது அப்படியே நடந்தது. ஒருத்தன் தொடவில்லை!"

அன்றே ஜோசப்பினிடம் போனாள். தான் சொன்னது பிழை, கைக்கோளாறு தகப்பனுக்கு, மகனுக்கு ஒன்றுமில்லை என்றாள். ஏசுவார், வேலையை விட்டுக் கலைப்பார் என்று எதிர்பார்த்தாள். அப்படி ஏதாவது நடந்திருந்தால் நெஞ்சுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். ஜோசப்பின் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, "அப்படியென்றால் எங்களுக்கு இரட்டை லாபம். கச்சரும் இருக்கிறான், சுகமான இடக்கைக்காரனும் எங்களோடு இருக்கிறான். வரும் நவம்பரில் ஏற்றுவோம்" என்றார். கழகத்துக்கு அது சரி. கழகத்துக்கு எப்போதும் ஒரு வரும் நவம்பர் இருக்கும்.

அபிஷனுக்கு அந்தப் பொறுமை இல்லை. பனிக்காலம் முழுக்க ஒஷாவாவில் ஒரு கொட்டகைக்குள் போய் எறிந்தான். பாரம் கூடின பந்து, பிறகு பாரம் குறைந்த பந்து, வேகம் கூட்டுவதற்கென்று இணையத்தில் கண்ட பயிற்சி எல்லாம். கழகத்தின் பயிற்சியாளர் சும்மா விடச் சொன்ன கிழமைகளிலும் எறிந்தான். தை மாதத்தில் கஜனிக்கு ஒரு வீடியோ வந்தது. பந்து வலையில் போய் அடிக்கிற சத்தம், பக்கத்தில் வேகம் காட்டுகிற பெட்டி. கீழே எழுதியிருந்தான்: பாத்தீங்களா அக்கா? நீங்க சொன்னதுதான்.

'போதும், இனி எறியாதே' என்று எழுதினாள். அனுப்பவில்லை. ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது? அழித்துவிட்டு ஒரு பெருவிரல் படத்தை அனுப்பினாள்.

மாசி கடைசியில், எறிந்த ஒரு பந்தோடு அவன் முழங்கை நார் அறுந்தது. ஒப்பரேசன். ஒரு வருடத்துக்கு மேல் எறிய முடியாது. அதன் பிறகு அந்தக் கை பழைய கையாக வருமா என்று எந்த வைத்தியரும் கையடித்துச் சொல்லமாட்டார். வரும் நவம்பரில் அவனை ஏற்றுவதைப் பற்றி அலுவலகத்தில் பிறகு ஒருவரும் வாய் திறக்கவில்லை. "என்ன இருந்தாலும் கஜனிக்கு முதலே தெரிந்திருக்கிறது" என்றான் மாக்கஸ். அவன் அதை மெச்சிச் சொன்னான்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இந்த விசயத்தில் பழியே இல்லை. அதுதான் அவளைக் கொன்றது. ஒருவரும் அவளைக் குற்றம் சொல்லவில்லை. நித்திரை இல்லை, சாப்பாடு இறங்கவில்லை. யோகமலர் அன்ரியின் காலில் விழுந்தாவது சொல்லிவிடவேண்டும், அவர் செருப்பால் அடித்தாலும் பரவாயில்லை என்று முடிவெடுத்தாள். "கோயிலுக்கு வாறியே பிள்ளை?" என்று அவரே கேட்டபோது, கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது போல இருந்தது.

பங்குனி வெள்ளி. கோயில் இருக்கிற பேவியூ வீதியில் இன்னும் அழுக்குப் பனி ஒதுங்கிக் கிடந்தது. யோகமலர் மெலிந்துபோயிருந்தார். செருப்பைக் கழற்றுகிற இடத்திலேயே கஜனி தொடங்கிவிட்டாள்.

"அன்ரி, உங்களோட ஒண்டு கதைக்கவேணும். நான் ஒரு பெரிய பிழை…"

"பொறு பிள்ளை, முதல் இதைப் பார்." யோகமலர் கைப்பைக்குள் இருந்து பட்டுத்துணி ஒன்றை எடுத்துப் பிரித்தார். புது வெள்ளி. மணிக்கட்டு, முழங்கை மடிப்பு, நகங்கள். "அபிஷன்ர கைக்கு. இந்த முறை இடக்கை எண்டு நகைக்கடையில சொல்லிச் செய்விச்சனான். உன்ர கையால தட்டில வை."

"நானோ? வேண்டாம் அன்ரி."

"நீதான் வைக்கவேணும். அண்டைக்கு நீ கண்டனி, ஒருதருக்கும் சொல்லேல்லை. நேத்தியை வெளியில கதைச்சால் பலிக்காது எண்டு எங்கட அம்மா சொல்லுறவ. நீ வாயைக் காத்தாய், அங்கிளின்ர கை சுகமாப்போச்சு. இப்ப அதே கையால கார் ஓடுறார்." யோகமலர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் கைக்குள் வெள்ளிக் கையை வைத்து விரல்களை மூடினார். "எனக்கு உன்னைத்தான் பிள்ளை நம்பிக்கை. நீ என்னவோ சொல்ல வந்தனி?"

ஐயர் தட்டோடு வந்து நின்றார். "பேர், நட்சத்திரம்?"

யோகமலர் கஜனியைப் பார்த்தார், நீ சொல்லு என்பது போல.

"அபிஷன்" என்றாள் கஜனி. "பூரட்டாதி."

வெள்ளிக் கையைத் தட்டில் வைத்தாள். இந்த முறை பெருவிரலைப் பார்த்தாள். இடக்கைதான்.

"இதையும் ஒருதருக்கும் சொல்லிப்போடாதை, என்ன?" என்றார் யோகமலர்.

"சொல்லமாட்டன், அன்ரி" என்றாள் கஜனி.